பெங்களூரில் விஆர் சிகிச்சை மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

நான் அல்சூர்க்காரன். வெள்ளிக்கிழமை ராத்திரி சில்க் போர்டில் ஊர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் உங்களில் சிலரைப் பார்த்திருப்பேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு நான்கு வருடமாக மனச்சோர்வு. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய நாள் கொடுத்தும் குறையவில்லை என்றால் அதை மருந்துக்கு மசியாத வகை என்கிறார்கள். அக்கா இப்போது மூன்றாவது மருந்தில் இருக்கிறாள். போன மாதம் ஒரு மையத்தில் விஆர் சிகிச்சைக்கு, அதாவது கண்ணை மூடும் ஹெட்செட்டுக்குள் நிஜம் போலவே ஓர் இடத்தைக் காட்டும் மெய்நிகர் சிகிச்சைக்கு, கூட்டிப்போனேன். (கட்டணத்தைப் பற்றி ஆரம்பித்தால் மடல் அதோடு முடிந்துவிடும்.)

ஹெட்செட்டை மாட்டியதும் கடற்கரை, தென்னை, அலை, எல்லாம் அழகுதான். காதில் ஒருவர் இங்கிலீஷில் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். ஏழாவது வரை தமிழ் மீடியம் படித்த அக்கா, பாதியில் கையை நீட்டித் தடவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னடா சொல்றான் அவன்?" என்றாள். மிச்ச நேரமெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். கழற்றும்போது பட்டையில் கொண்டை ஊசி மாட்டி முடியை இழுத்ததற்குத்தான் அன்றைக்கு ஒரே ஒரு தடவை சிரித்தாள்.

விஆர் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. உயரத்தைக் கண்டால் வரும் பயத்துக்கு 1990களிலிருந்தே பயன்படுகிறது, ஆதாரமும் நிறைய. மனச்சோர்வில் கதை வேறு. 2016இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் 15 பேர்தான்: விஆரில் அழும் குழந்தையைத் தேற்றினார்கள், அப்புறம் அந்தக் குழந்தையின் உடம்புக்குள் இருந்து, தாங்கள் சொன்ன ஆறுதலையே தங்கள் குரலில் கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து 9 பேருக்குச் சோர்வு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. இதை வைத்துக்கொண்டு "மருந்துக்கு மசியாதவர்களுக்கும் நிச்சயப் பலன்" என்று நோட்டீஸ் அடிப்பது அநியாயம்.

ஆனால் அந்த ஆய்வில் வேலை செய்தது படம் மட்டுமா? சொன்ன வார்த்தையும்தானே? என் அக்கா குழந்தையைத் தேற்றினால் "அழாதடா கண்ணு" என்றுதான் தேற்றுவாள். 2022இல் வந்த அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், 14416, அதில் தமிழில் பேச முடிகிறது. இத்தனை காசு வாங்கும் உங்கள் பெட்டிக்கு மட்டும் என்ன கேடு? தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள், மெஷினில் போட்டு மாற்றாமல், அந்த மொழியில் நோயாளியிடம் பேசிப் பழகிய உளவியலாளரை உட்காரவைத்து. கடற்கரைக்குப் பதில், அவள் விட்டுவிட்ட வேலைகளைக் கொடுங்கள்: வாசலில் நாலு புள்ளி வைத்து ஒரு கோலம், அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரை ஒரு நடை.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் அக்கா தயார், டாக்டரிடமும் கேட்டாகிவிட்டது. கொண்டைக்கு இடம் விட்டுப் பட்டை தைக்கச் சொன்னாள்.