லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸ் பற்றி, சொசைட்டி கமிட்டிக்கு

செக்ரட்டரி அண்ணாச்சிக்கும் கமிட்டியில் உள்ள மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம். மராத்திக்காரரான பொருளாளருக்கு யாராவது இதைப் படித்துச் சொல்லிவிடுங்கள். அவருக்கு நம்ம பேச்சு பாதி புரியும், எழுத்துதான் வராது.

போன செவ்வாய்க்கிழமை இதை நம் குரூப்பில்தான் எழுதினேன். பத்து நிமிஷத்தில் அட்மின் அழித்துவிட்டார். சரி, எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதிவிடலாம் என்று இங்கே வந்துவிட்டேன். எந்த பில்டிங், எந்த வீடு என்று சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். மும்பையில் தாராவியிலிருந்து சயான் வரைக்கும் வேறு பில்டிங்கிலும் இப்படி நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இருந்தால், அவர்களும் படிக்கட்டும்.

நோட்டீஸில் நாலு கட்டளை. அந்த வீட்டார் லிஃப்டில் ஏறக்கூடாது. கீழே பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடாது. பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பக்கூடாது. மாசக் கடைசிக்குள் அவர்களைக் காலி செய்யச் சொல்லி ஓனருக்குச் சொல்லியாயிற்று. காரணம் 'தொற்று நோய்' என்று போட்டிருக்கிறீர்கள். டிபி என்று எழுதக் கை கூசியிருக்கிறது போல.

எனக்கு அந்தக் கூச்சம் புரியும். 2009-ல், பத்தொன்பது வயதில், எனக்கே டிபி வந்தது. இந்த பில்டிங் எழும்புவதற்கு முன்னால், நாம் எல்லாரும் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், இருந்த காலம். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் டைபாய்டு என்றாள். பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போனால் தெரிந்தவர் யாராவது பார்ப்பார்கள் என்று, இரண்டு ரயில் மாறி எங்கேயோ ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் இருமல் மருந்து கொடுத்தார், அப்புறம் இன்னொரு இருமல் மருந்து கொடுத்தார். சளியை எடுத்துப் பார்க்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் சாயங்காலத்தில் ஜன்னல் இல்லாத கோலியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், இருமிக்கொண்டே. அடுத்த வருஷம் சித்தி பையனுக்கு வந்தது. அவனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தன். என்னிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த நினைப்பு போகவில்லை.

மருந்து தொடங்கிய அன்று சிறுநீர் செம்பருத்திப் பூவைக் கசக்கிய தண்ணீர் மாதிரி போனது. ரத்தம் என்று நினைத்து மோரியில், குளிக்கிற மூலையில், உட்கார்ந்து அழுதேன். ரிஃபாம்பிசின் என்கிற மாத்திரையின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று டிபி மருந்தைக் கண் முன்னால் விழுங்க வைக்கிற டாட்ஸ் சென்டரில் இருந்த அக்கா சிரித்தார். அப்போதெல்லாம் ஒன்றுவிட்டு ஒரு நாள், அவர் கண் முன்னால் ஏழு மாத்திரை விழுங்க வேண்டும். இப்போது தினமும் சாப்பிடுகிற மருந்தாக மாற்றிவிட்டார்கள்.

இனி உங்கள் கட்டளைகளுக்கு வருகிறேன். குழாயை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது அதில்தான். டிபி கிருமி தண்ணீரில் வராது. தட்டு, தம்ளர், துணி, கை குலுக்குவது, கக்கூஸ், எதிலும் வராது. நுரையீரலில் டிபி உள்ளவர் மருந்து எடுக்காமல் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கும். அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால்தான் ஒட்டும். எலும்பிலோ கழுத்து நெறிக்கட்டிலோ மட்டும் டிபி உள்ளவரிடமிருந்து பொதுவாக யாருக்கும் ஒட்டாது. தண்ணீரில் வருகிறவை வேறு: மஞ்சள் காமாலை, டைபாய்டு, காலரா. போன ஜூலையில் மூணாம் மாடியில் நாலு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அப்போது நம் மாடித் தொட்டியைத் திறந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே என்ன மிதந்தது என்று இங்கே எழுத வேண்டாம். அதற்கு இதுவரை ஒரு நோட்டீஸும் ஒட்டவில்லை.

லிஃப்டுக்கு ஒரு வரி போதும். அந்த வீட்டில் நோய் வந்தவர் மூணாவது மாசமாக மருந்து சாப்பிடுகிறார், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மருந்து சரியாக வேலை செய்தால் இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அவர் வீட்டு வாசலில் தினமும் பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்லியிருக்கிறீர்களே, அது தரையைத்தான் வெளுக்கும், காற்றை ஒன்றும் செய்யாது.

காலி செய்யச் சொன்னதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை நம்மில் பலர் ஊருக்குப் போகையில் பார்த்திருப்போம். டிபிக்காரர்களை ஊருக்கு வெளியே வைத்துப் பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர்தான் அது. அப்படிப் பிரித்து வைப்பது தேவைதானா என்று 1956-ல் தொடங்கி சென்னையிலேயே சோதித்தார்கள். இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதற்காகத் தொடங்கியதுதான். நம்மைப் போல நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டில் வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அதனால் கூடுதலாக நோய் வந்ததா என்றும் பார்த்தார்கள். வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். நம் ஊரில் கண்டுபிடித்ததைத் தெரிந்துகொள்ளாமல் நாம் ஒருத்தரை வெளியே அனுப்பப் பார்க்கிறோம்.

அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்த மும்பையே ஒருமுறை பார்த்துவிட்டது. 1896-ல் மாண்ட்வியில் பிளேக் தொடங்கியது. வீடு வீடாகப் புகுந்து ஆட்களைத் தூக்கிப்போனார்கள். அதற்குப் பயந்து நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், நகரத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஊரைவிட்டே ஓடினார்கள், ஓடினவர்களோடு நோயும் போனது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பரப்புகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிளேக்குக்கு அப்புறம்தான் 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்து, காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று தாதர், மாட்டுங்கா பக்கமெல்லாம் அகலத் தெருப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காபி குடித்துவிட்டு 'இங்கே என்ன காற்று!' என்கிறீர்களே அண்ணாச்சி, அது இப்படி வந்த காற்று.

நம் பில்டிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 225 சதுர அடி வீடு, எதிர் பில்டிங் கை நீட்டினால் தொடுகிற தூரம். கோவண்டிப் பக்கத்துக் குடிசை மறுவாழ்வுக் கட்டிடங்களில் ஆராய்ந்தவர்கள், வெயிலும் காற்றும் புகாத கீழ் மாடிகளில் டிபி அதிகம் என்று சொன்னார்கள். எதிர் பில்டிங்கை நம்மால் நகர்த்த முடியாது. ஆனால் நம் மாடிப்படியில் காற்று வருகிற ஓட்டைச் சுவரை, அந்த ஜாலியை, அடைத்தது நாம்தானே? புறா வருகிறது என்று இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை பழைய பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளெக்ஸைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம். தலைவர் வெளியே பார்த்துச் சிரிக்கிறார், உள்ளே பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் எரிகிறது. அந்தப் படிக்கட்டில்தான் எல்லாப் பிள்ளைகளும் விளையாடுகின்றன.

இன்னொன்று. கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பத்துப் பேரில் ஒருத்தருக்கு வந்தாலே அதிகம். உடம்பு தளர்ந்தவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும்: சாப்பாடு போதாதவர்கள், சுகர் உள்ளவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள். கமிட்டியில் எத்தனை பேருக்குச் சுகர் என்று எனக்குத் தெரியும், கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதானே. ஜார்க்கண்டில் நோயாளிகளுக்கு மட்டும் இல்லாமல், கூட இருக்கிற வீட்டாருக்கும் ஆளுக்கு மாசம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டாருக்குப் புதிதாக டிபி வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. 2023-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது. காலி செய்யச் சொன்னால் அந்த மனிதர் அட்வான்ஸுக்கு அலைவாரா, முட்டை வாங்குவாரா? மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அது வந்தால்தான் நாம் எல்லாரும் பயப்பட வேண்டும்.

2012-லிருந்து டிபியை அரசாங்கத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். பக்கத்து வீட்டுக்குத் தெரிவிக்கச் சட்டம் இல்லை. இந்த நோட்டீஸுக்கு அப்புறம் நம் பில்டிங்கில் இருமுகிற யாரும் பக்கத்தில் டெஸ்ட் எடுக்கப் போக மாட்டார்கள். என் அம்மா மாதிரி இரண்டு ரயில் மாறுவார்கள். ஆறாம் மாடியில் ஒருத்தர் ராத்திரியெல்லாம் இருமுவது எனக்குக் கேட்கிறது. அவரிடம் போய், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியும் எக்ஸ்ரேயும் பார்த்துவிடுங்கள், அரசு சென்டரில் இலவசம் என்று சொன்னேன். 'நோட்டீஸ் பார்த்தீங்கல்லம்மா' என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு வருகிறேன். அதற்குள் நோட்டீஸைக் கிழித்துவிடுங்கள், பிள்ளை திங்கட்கிழமை டியூஷனுக்கு வரட்டும். வீட்டில் கூட இருந்ததால் அவளையும் சென்டரில் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டி கழுவ ஆள் சொல்லிவிடலாம். ஃப்ளெக்ஸைக் கழற்ற கட்டிங் பிளேயர் நான் கொண்டுவருகிறேன். ஏணி கமிட்டி ரூமில் இருக்கிறது, சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள், அண்ணாச்சி.

நாலாம் மாடியிலிருந்து,
உங்கள் பழைய கணக்கு டீச்சர்