புதுச்சேரி பிரெஞ்சு விருந்து: வியாழனுக்குள் பதில் வேண்டும்

நண்பர்களே வணக்கம். போன சந்திப்பில் பேசியது முடிவாகிவிட்டது. மார்ச் 15 ஞாயிறு, மதியம் 12.30, புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு அடுத்த தெருவில் இருக்கும் பழைய பிரெஞ்சு வீடு. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிறகு மறுபடி எழுந்த பகுதி அது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் மஞ்சள் சுவர், கதவைத் தாண்டினால் முற்றம், காகிதப்பூ நிழலில் நம் மேசைகள். அதை நடத்தும் கணவனும் மனைவியும் தாங்களே சமைக்கிறார்கள், அதனால் 24 பேருக்கு மேல் முடியாது.

1. காலை 7.30, திருவான்மியூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே வேன். தாமதம் வேண்டாம், 2.30-க்குச் சமையலறையை மூடிவிடுவார்கள்.

2. ஆளுக்கு 1,800 ரூபாய், வேன் உட்பட. 500 முன்பணம் பொருளாளருக்கு ஜிபே.

3. சைவமா அசைவமா என்று எழுதுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் கட்டாயம் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் கீஷ் (மாவு ஓட்டில் முட்டைக் கலவை ஊற்றிச் சுடுவது), கேரமல் கஸ்டர்ட் இரண்டிலும் முட்டை உண்டு. வெங்காய சூப்பும் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் வைப்பார்கள், சைவக்காரர்களுக்குக் காய்ச்சாற்றில் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். மெயினுக்கு கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், தக்காளி போட்ட ராட்டட்டூயி என்ற காய்க்கூட்டு. கோழி ஒயினில் வேகும், வேண்டாதவர்கள் மீன் கேளுங்கள்.

4. அப்பா அம்மாவை அழைத்து வரலாம். மாடிப்படி செங்குத்து, அவர்களுக்குக் கீழேயே இடம் பிடித்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாகத்தான் பரிமாறுவார்கள், இரண்டு மணி நேரம் ஆகும், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசலாம். வியாழன் இரவுக்குள் பெயர், எத்தனை பேர், சைவம்/அசைவம் மூன்றையும் இங்கேயே போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.