பழைய சேர்வரை இரும்புக்குப் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மஸ்கெலியாப் பக்கத் தோட்டக் கந்தோர் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் பதியும் செக்ரோலைக் கையால் எழுதிய காலத்தில் சேர்ந்து, கணினியில் தட்டிய காலத்தில் வெளியேறினேன். கடந்த மாதம் அதே கந்தோரிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். என்னவோ பாக்கி தரப்போகிறார்கள் என்று எண்ணிப் போனால், கந்தோர்க் கோப்புகளை எல்லாம் வைத்திருக்கும் பொதுக் கணினியான சேர்வரை மாற்றிவிட்டார்களாம். பழைய கோப்புகள் இருந்தும் இல்லாத மாதிரியாம்.

மாற்றியது தவறில்லை. அங்கிருந்தது விண்டோஸ் சேர்வர் 2008. அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. ஆனால் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் 2022 பதிப்பைப் போட்டு, கோப்புகளை மவுசால் இழுத்துவிட்டு, மாலை பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார்கள்.

இழுத்துப் போட்டால் கோப்பு வரும்; அதை யார் திறக்கலாம் என்ற அனுமதி கூடவே வராது. போய்ச் சேர்ந்த இடத்தின் அனுமதிதான் ஒட்டிக்கொள்ளும். பெரிய கிளாக்கர் மட்டும் பார்த்த சம்பளக் கோப்பை இப்போது ஸ்டோர் பையனும் பார்க்கலாம். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகொப்பி கட்டளை, முறையாக ஏவினால், அனுமதியையும் சேர்த்துத் தூக்கிவரும். சதம் செலவில்லை.

பழைய ஸ்கேனரும் ஊமையாகிவிட்டது. அதற்குத் தெரிந்தது, கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் முறையான எஸ்எம்பியின் முதலாம் பதிப்பு மட்டுமே. புதிய சேர்வரில் அது தானாக இருப்பதில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டையால்தான். ஸ்கேனருக்காக அதைத் திறக்க வேண்டாம், வேறு ஸ்கேனர் வாங்குங்கள் என்றேன். தோட்டத் துரைக்கு முகம் சுருங்கியது.

இவையெல்லாம் ஒரு நாள் வேலை. பெயர்களின் கதை அப்படியல்ல. நாங்கள் தமிழ்ப் பெயர்களைப் பாமினியில் தட்டியவர்கள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்ட எழுத்துரு அது. மேசைக் கணினிகளையும் சேர்த்து மாற்றியதில் எழுத்துரு போயிற்று, வேடம் கலைந்தது. அன்று ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்துக்காக ஓர் அம்மா வாசலில் நின்றார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். திரையில் அவர் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. "என் பெயர் இல்லையா, ஐயா?" என்றார். செக்ரோல் இலக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அந்த இலக்கம் இருந்தது என் பழைய குறிப்பேட்டில், கணினியில் அல்ல.

பாமினியை மறுபடி பதிந்து அன்றைக்குச் சமாளித்தோம். எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யுனிகோடுக்கு மாற்றி, பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். அதைக் கொழும்புப் பிள்ளைகளால் செய்ய முடியாது. எந்த முத்தம்மா எந்த லய வீட்டுக்காரர் என்று தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றத் தோட்டங்களிலும் சேர்வர் மாற்றும்போது பத்துப் பழைய தொழிலாளர் கோப்புகளையாவது புதிய இயந்திரத்தில் திறந்து பார்த்துவிட்டு அந்தப் பிள்ளைகளை பஸ் ஏற்றுங்கள்.

எங்கள் பழைய சேர்வருக்கு இரும்புக்காரரிடம் விலை பேசியிருந்தார்கள். இரண்டு சம்பள நாள் கழியும் வரை கொடுக்காதீர்கள் என்று சொல்லி, அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
மஸ்கெலியா.