பெருக்கினால்தான் பிளஸ்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று என் மகளின் கணக்கு நோட்டில் −3 − 5 = +8 என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சரியான விடை −8. எப்படி வந்தது என்று கேட்டால், "மைனஸும் மைனஸும் பிளஸ்தானேப்பா" என்கிறாள், துளி சந்தேகம் இல்லாமல். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும்தான் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை, ஏன் பிளஸ் என்றும் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தது கண்ட இடத்திலெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இத்தனைக்கும் காரணத்தை விளக்க பத்து நிமிடம் போதும். 3 × (−4) என்றால் −4-ஐ மூன்று தடவை கூட்டுவது, −12. இதில் சிக்கலே இல்லை. ஆனால் (−3) × (−4)? "மைனஸ் மூன்று தடவை" எப்படிக் கூட்டுவது? இங்கேதான் பிள்ளைகள் முழிக்கிறார்கள். சரி, −4-ஐ 3, 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்கி ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன்: −12, −8, −4, 0. ஒவ்வொரு வரியிலும் 4 கூடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்தது −1-ஆல் பெருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி 4 என்று எழுதினாள், அப்புறம் மளமளவென்று 8, 12.

இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் (−3) × (4 + (−4)) என்று கொடுக்கலாம். அடைப்புக்குள் இருப்பது 0, ஆகவே விடையும் 0. பிரித்துப் பெருக்கினால் முதல் பகுதி −12 வருகிறது, அப்படியானால் மொத்தம் 0 ஆவதற்கு (−3) × (−4) என்பது +12 ஆக இருந்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. வகுத்தலுக்குத் தனிப் பாடமே வேண்டாம். −12 ÷ (−3) என்றால் −3-ஐ எதால் பெருக்கினால் −12 வரும் என்ற கேள்விதான், விடை 4.

628-ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து, இரண்டு கடன்களைக் கூட்டினால் கடன், பெருக்கினால் சொத்து என்று தனித்தனியாகவே எழுதிவைத்தார். நாம்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொடுக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த விதியைச் சொல்லும்போது "பெருக்கினால்", "வகுத்தால்" என்ற சொற்களை ஒருமுறைகூட விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை