ஓடுபாதைப் பக்கம் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை: சிறு விமான நிலையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களைக் கவனித்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும், அவற்றைச் சொந்தமாக வைத்திருக்கும் நகர, கவுண்டி மன்றத்தினருக்கும் வணக்கம்.

நான் பிழைப்புக்காக விமானம் ஓட்டுபவன் அல்ல. தனியார் விமானி உரிமம் இருக்கிறது. வார இறுதியில் நான்கு இருக்கை செஸ்னா ஒன்றை வாடகைக்கு எடுத்து, உங்கள் ஊரில் இறங்கி, சாப்பிட்டு, எரிபொருள் போட்டுக்கொண்டு திரும்பும் கூட்டத்தில் ஒருவன். நாங்கள் சாப்பிட வருவதைக் கொஞ்சம் எளிதாக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போயும் போயும் சாப்பாட்டுக்கா ஒரு மடல் என்று தள்ளிவைத்துவிடாதீர்கள். இதில் உங்கள் வரவு செலவும் அடங்கியிருக்கிறது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக எரிபொருளை எரித்துக்கொண்டு ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று உங்கள் மன்றத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். ‘நூறு டாலர் பர்கர்’ என்று நாங்களே எங்களைக் கிண்டல் செய்துகொள்வது பழைய கதை. இன்றைய விலைவாசியில் அந்த நூறு டாலரில் வீடு திரும்ப முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் இது வெறும் நாக்குச் சபலம் இல்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமானால், முந்தைய 90 நாட்களுக்குள் குறைந்தது 3 முறை மேலெழும்பி 3 முறை தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று வேண்டுமானால், 50 கடல் மைலுக்கு அப்பால் இறங்கிய பயணங்களாகப் பார்த்து 50 மணி நேரம் சேர்க்க வேண்டும். கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க எங்கேயாவது பறந்தாக வேண்டும். அந்த ‘எங்கேயாவது’ எந்த ஊர் என்பதைப் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைதான் முடிவு செய்கிறது.

நண்பர்களைக் கூட்டிவரும்போது செலவைப் பங்கு போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றில் விமானி தன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும், அவருக்கும் அந்த ஊருக்குப் போகச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத்தான் போகிறோம் என்பதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, வர ஆசைதான். எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அரசு வெளியிடும் விமான நிலையக் கையேட்டில் உங்கள் நிலையத்தைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. ஓடுபாதையின் நீளம், அகலம், தளம் தாரா புல்லா, எந்த முனையில் மரங்கள் நிற்கின்றன, எந்த எரிபொருள் கிடைக்கும், எந்த அலைவரிசையில் பேச வேண்டும் எல்லாம் உண்டு. மான்கள் ஓடுபாதையில் திரியும் என்ற எச்சரிக்கைகூட உண்டு. மான் மேய்வதைச் சொல்லும் கையேட்டில், மனிதன் சாப்பிட இடம் இருக்கிறதா என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரி கிடையாது. அதனால் விமானிகள் ஒருவருக்கொருவர் எழுதிவைக்கும் குறிப்புகளை நம்புகிறோம். குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த ஆண்டில் அந்தக் கடை நன்றாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் கடை கைமாறியிருக்கும், திங்கள், செவ்வாய் விடுமுறை ஆகியிருக்கும், இல்லையென்றால் மூடியே போயிருக்கும். பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும். காரில் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விமானத்தில் வந்தவருக்கு அடுத்த கடை அடுத்த விமான நிலையத்தில் இருக்கிறது.

‘பக்கத்தில்’ என்பதும் ஏமாற்றும். வரைபடத்தில் பார்த்தால் கடை அரை மைல்தான். ஆனால் கடை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், நாங்கள் நிறுத்தும் இடம் இந்தப் பக்கம். சுற்றிப் போனால் இரண்டு மைல், அதுவும் நடைபாதை இல்லாத சாலை. ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) எரிபொருள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கேட் வழியாகச் சாலைக்குப் போனோம். எதிரிலேயே நல்ல கடை. வயிறு நிறையச் சாப்பிட்டுத் திரும்பினால், கேட் எங்களுக்குப் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வர எண் அழுத்த வேண்டும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டித்தான் வைத்திருந்தார்கள், கேட்டின் உட்பக்கத்தில். சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் ஆள் இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் விமானம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வேலி ஓரமாக வெகுதூரம் நடந்து, கொட்டகையைத் திறந்துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டுத்தான் உள்ளே வந்தோம்.

இதற்கு நல்ல தீர்வைச் சில நிலையங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. எண்ணை வெளிப்படையாக எழுதாமல், ‘இந்த நிலையத்தின் பொது ரேடியோ அலைவரிசை எண்ணை அழுத்தவும்’ என்று கேட்டின் வெளிப்பக்கம் எழுதிவைக்கிறார்கள். விமானிக்கு அது தெரிந்திருக்கும், கொஞ்சம் முன்புதான் அதில் பேசிக்கொண்டே இறங்கியிருப்பார். தெருவில் போகிறவருக்குத் தெரியாது. செலவு ஒரு பலகை.

அடுத்து, நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடை நடத்துபவர்களே இதைக் கவனிப்பதில்லை. சிறு விமானத்தில் வருபவர்கள் காலைப் பசிக்காரர்கள். காலையில் காற்று அடங்கியிருக்கும், குலுக்கல் குறைவு. கோடையில் இடிமேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் எழும்பும். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினின் வலு குறையும், இறக்கையின் தூக்கும் திறன் குறையும், மேலெழும்ப ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும். அரிசோனாவின் செடோனா நிலையம் கடல் மட்டத்திலிருந்து 4,830 அடி உயரத்தில், ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் அங்கே விமானம் 8,000 அடிக்கு மேல் இருப்பதுபோல்தான் மூச்சு வாங்கும். நான்கு பேர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, டேங்கையும் நிரப்பிக்கொண்டு, நாளின் மிகச் சூடான நேரத்தில் கிளம்புவது புத்திசாலித்தனம் இல்லை. அதனால்தான் விமானிகள் சங்கங்கள் ‘பான்கேக் காலை உணவு’ என்று வைத்துக் கூட்டம் சேர்க்கின்றன, ‘பான்கேக் இரவு விருந்து’ வைப்பதில்லை. விமான நிலையக் கடை சனி, ஞாயிறுகளில் காலை 7 மணிக்குத் திறக்க வேண்டும். 11 மணிக்குத் திறக்கும் கடை, எங்கள் விமானம் கிளம்பிப் போவதைப் பார்க்கத்தான் திறக்கிறது.

ஆனால் விமானிகளை மட்டும் நம்பி ஒரு கடையும் பிழைக்காது. இதை ஒரு விமானியே சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். மேகம் கீழே இறங்கினால் நாங்கள் வர மாட்டோம். காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தால் வர மாட்டோம். செவ்வாய்க்கிழமை வரவே மாட்டோம். வாடகையும் சம்பளமும் எல்லா வானிலையிலும் கொடுத்தாக வேண்டிய ஒருவர் எங்களை நம்பி அடுப்பு மூட்ட முடியுமா? நீடித்து நிற்கும் கடைகளைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் இரண்டு வாசல் இருக்கும். ஒன்று விமானம் நிற்கும் பக்கம், இன்னொன்று ஊர்ப்பக்கம். கலிஃபோர்னியாவின் ஹாரிஸ் ராஞ்ச் உணவகத்துக்குத் தனி ஓடுபாதையே உண்டு, அதன் அகலம் 30 அடிதான். இறங்கி, நடந்தே போய்ச் சாப்பிடலாம். ஆனால் அந்தக் கடையை வாழவைப்பது லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் ஓடும் கார்கள். அதே கலிஃபோர்னியாவின் கடலோரக் கேட்டலினா தீவில், 1,602 அடி உயரக் குன்றின் மேல் இருக்கும் ‘வானத்து விமான நிலையம்’ நடைப்பயணிகளுக்கும் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் ஒரு நிறுத்தம். அந்த ஓடுபாதை சிதைந்துபோனபோது, மரைன் படையினரும் கடற்படைக் கட்டுமானப் பிரிவினரும் வந்து 2019இல் கான்கிரீட்டில் அதைப் புதுப்பித்துத் தந்தார்கள். செடோனாவில் சூரிய அஸ்தமனம் பார்க்க மேட்டுக்கு ஏறிவரும் கூட்டம் தனி.

உங்கள் ஊரில் குன்றும் கடலும் இல்லாமல் இருக்கலாம். விமானம் இறங்குவதைப் பார்க்கக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலியோரம் நிற்கும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கார் நிறுத்தம், ஓடுபாதையைப் பார்த்த ஜன்னலோரம் நாலு மேசை, சாலையில் தெரிகிற மாதிரி ஒரு பலகை, இவை போதும். வாரநாட்களில் கடையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வார இறுதியில் நாங்களும் வருகிறோம்.

இங்கே ஒரு பாதுகாப்பு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விமானத்திலிருந்து இறங்கும் எங்கள் விருந்தினர்களுக்குச் சுழலும் புரொபெல்லர் எவ்வளவு ஆபத்து என்று தெரியாது. அது வேகமாகச் சுழலும்போது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வெளியூர் விமானங்கள் நிற்கும் இடத்திலிருந்து கடை வாசல் வரை, விமானங்கள் உருளும் பாதையைக் கடக்காமல் ஒரு நடைபாதையைப் பெயின்டில் வரைந்துவிடுங்கள். கடைப் பக்கமிருந்து வரும் குழந்தைகள் அந்தப் பக்கம் ஓடிவராமல் இருக்க இடுப்பளவு வேலி போதும்.

வாடகை விஷயத்தில் உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. மத்திய அரசின் நிதியுதவி பெற்ற நிலையம் என்றால் நீங்கள் சில உறுதிமொழிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். நிலையம் முடிந்தவரை தன் வருமானத்திலேயே நடக்க வேண்டும், அந்த வருமானத்தை வேறெதற்கும் திருப்பக் கூடாது. உணவகம் விமானத் தொழில் அல்லாத வகையில் வருவதால் சந்தை வாடகை வாங்க வேண்டும். ‘பாவம், சின்னக் கடை’ என்று சும்மா விட முடியாது. ஆனால் சந்தை வாடகை என்றால் மாதாமாதம் மாறாத தொகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய விமான நிலையங்களில் கடைகள் விற்பனையில் ஒரு பங்கைக் கொடுப்பது சாதாரண வழக்கம். அதே முறையை உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுப் பாருங்கள். மழை பெய்த மாதத்தில் வாடகை குறையும், நல்ல மாதத்தில் உங்களுக்கும் கூடும். காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்குச் சந்தை வாடகை எவ்வளவு என்றும் மன்றத்தில் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கடையே வைக்க வாய்ப்பில்லாத நிலையங்கள் பல, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு பழைய கார் போதும். வெளியூர் விமானிகளுக்கு இலவசமாகத் தரும் கார்கள் எங்கள் உலகில் தனிப் புகழ் பெற்றவை. பணி ஓய்வு பெற்ற போலீஸ் கார்கள் நிறைய, ஏசி வேலை செய்தால் அதிர்ஷ்டம். எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நன்றிக்கடனாகக் காருக்குப் பெட்ரோல் போட்டு, விமானத்துக்கும் உங்களிடமே எரிபொருள் வாங்குவோம். செஸ்னா 172 விமானம் மணிக்கு 8 கேலனுக்கு மேல் எரிபொருள் குடிக்கிறது. சாவி எங்கே இருக்கும், எத்தனை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், யாராவது ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்பதை மட்டும் எழுதிவையுங்கள்.

ஆக, பணம் அதிகம் தேவைப்படாத வேலையில் தொடங்கலாம். நிலையத்தின் இணையப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு என்று ஒரு பத்தி: கடை திறக்கும் நாள், நேரம், நடக்கும் தூரம், எந்தக் கேட், காருக்கு யாரைக் கேட்பது. அதன் கீழே, கடைசியாகச் சரிபார்த்த தேதி. தேதி இல்லாத தகவலை நாங்கள் நம்புவதை விட்டுப் பல காலம் ஆகிறது. அடுத்து, வார இறுதிக் காலைகளில் அலுவலகத்தில் யாராவது இருந்தால், ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பத்து மைல் தொலைவிலிருந்து ‘கடை திறந்திருக்கிறதா?’ என்று நாங்கள் கேட்பது அவர்களிடம்தான். ‘இல்லை’ என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த ஊருக்குத் திரும்ப எரிபொருள் கையிருப்பில் வைத்துத்தான் பறக்கிறோம்.

அன்புடன்,
வார இறுதி விமானி ஒருவன்