கோப்பானிலிருந்து அம்மா

அன்புள்ள கண்ணனுக்கு,

நாங்கள் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில், பழங்கால மாயன் மக்களின் இடிந்த நகரமான கோப்பான் வந்து சேர்ந்துவிட்டோம். உனக்கு லீவு கிடைக்காமல் போனதில் அப்பாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். எனக்கு, உன்னிடம் சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது.

இங்கே கடையில் மீதியாகக் கொடுத்த ஒரு லெம்பிரா நோட்டைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன். முன்பக்கம் 1530களில் ஸ்பானியரை எதிர்த்து நின்ற லென்கா இனத் தலைவன் லெம்பிரா. பணத்துக்கே அவன் பெயர்தான். பின்பக்கம் இந்த ஊரின் மாயன் பந்தாட்டக் களம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே களத்தைப் பார்த்தேன். இருபுறமும் சரிவுகளுக்கு மேலே கல்லில் செய்த கிளித் தலைகள். நாம் பஞ்சவர்ணக்கிளி என்போமே, அதுதான். இந்த நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. தேசிய மரம் பைன், மலர் ஓர் ஆர்க்கிட் என்றார் வழிகாட்டி. கிளியைப் பார்த்த பிறகு அதெல்லாம் மனதில் நிற்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கிளிகள் இல்லாமலே போயிருந்தனவாம். வீடுகளில் வளர்ந்தவற்றை மீட்டுப் பழக்கி, 2011 முதல் இங்கே பறக்கவிடுகிறார்கள். வாசல் பக்கத்து மரத்தில் ஒன்று ஒற்றைக் காலால் கொட்டையைப் பிடித்து, அலகால் உருட்டி உருட்டி உடைத்தது. அழகு அவ்வளவு, குரல்தான் சகிக்காது!

அடுத்து எழுத்துப் படிக்கட்டு. அறுபதுக்கும் மேற்பட்ட படிகள், சுமார் 2,200 எழுத்துகள். மாயன் கல்வெட்டுகளிலேயே மிக நீளமானது. ஆனால் பெரும்பகுதி சரிந்து கிடந்தது. 1930களில் எடுத்துக் கட்டியவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அதனால் மேல் படிகள் வரிசை மாறி நிற்கின்றன. மழை வெயில் படாமல் மேலே துணிக்கூரை போட்டிருக்கிறார்கள். பிரமிடுகளைவிட இதன் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன். ராஜவம்சத்தின் கதை முழுக்க எதிரே இருக்கிறது, ஏடு கலைந்துபோய்.

அந்தக் கதையில் 13-ஆம் அரசனின் முடிவு கொடுமை. கோப்பானுக்குக் கீழ்ப்பட்டிருந்த கிரிகுவாவின் மன்னன் 738-இல் அவனைப் பிடித்துத் தலையை வெட்டிவிட்டான். இன்னொரு பலிபீடக் கல்லில் பதினாறு அரசர்களும் பக்கத்துக்கு நால்வராக உட்கார்ந்திருக்கிறார்கள். 426-இல் ஆட்சிக்கு வந்த முதல் அரசன், கடைசி ஆளிடம் செங்கோல் மாதிரி ஏதோ நீட்டுகிறான். நடுவில் முந்நூற்றைம்பது வருஷம்!

1839-இல் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கர் இந்த இடத்தை 50 டாலருக்கு வாங்கினாராம். அதைக் கேட்டதிலிருந்து அப்பா, "அப்பவே நமக்குச் சொல்லாமப் போயிட்டாங்களே" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.

நீ வரும்போது சிற்ப மியூசியத்தை விட்டுவிடாதே, டிக்கெட் தனி. ஒரு பிரமிடுக்குள் புதைத்து வைத்திருந்த ரோசலிலா கோயிலை, சிவப்பு வண்ணத்தோடு முழு அளவில் உள்ளே கட்டியிருக்கிறார்கள். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வா, படிகள் செங்குத்து. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா