பெயின்ட் அடித்தால் ஷட்டர் இறங்காது: தலைமைப் பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

பாசனக் கட்டுமானங்களைப் பராமரிக்கும் மதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஐப்பசியில் எங்கள் வாய்க்காலின் தலைமதகில் நடந்தது தங்கள் மேசைக்கு வந்திருக்கும். கோப்பாக வந்ததா, செய்தித்தாள் துண்டாக வந்ததா என்பது தெரியாது, எப்படியும் வந்திருக்கும். ஆகவே முழுக் கதையையும் திரும்ப எழுதப்போவதில்லை. மழை வலுத்த இரவில் தண்ணீரை மறிக்க இறக்க வேண்டிய இரும்புக் கதவு, அதாவது ஷட்டர், பாதியில் நின்றுவிட்டது. கீழே கரை உடைந்தது. வேர் பிடித்துக்கொண்டிருந்த சம்பா நடவு மூழ்கி அழுகியது. பயிர்ச்சேதம் பார்க்க வந்தவர்கள் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'கனமழை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஷட்டர் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லையாம்.

மழைமேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஐப்பசியில் பெய்யாமல் பங்குனியிலா பெய்யும்?

நான் சொல்ல வந்தது மறுநாள் பார்த்த ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி. தண்ணீர் வடிந்த பிறகு மதகின் மேல்தளத்துக்கு ஏறிப் போனோம். ஷட்டர் பளபளவென்று இருந்தது. கோடையில் பராமரிப்புப் பணி முடிந்துவிட்டதாகச் சுவரில் ஆண்டு போட்டு எழுதியிருக்கிறார்கள். பெயின்ட் அடித்தது உண்மைதான், மறுக்க முடியாது. ஷட்டரை ஏற்றி இறக்கும் பற்சக்கரப் பெட்டியின் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு கிரீஸ் முனை இருக்கிறது. கிரீஸ் துப்பாக்கியை அதில் மாட்டித்தான் உள்ளே கிரீஸ் ஏற்ற வேண்டும். அந்த முனையின் மேலும் கனமாகப் பெயின்ட். துவாரமே தெரியவில்லை. மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் நகத்தால் சுரண்டியபோது பெயின்ட் முழு வில்லையாகக் கழன்று வந்தது. உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து கறுத்துக் கட்டியாகக் கிடந்தது.

தாங்கள் பொறியாளர், நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மற்றவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பெயின்ட் அடித்த பிறகு கிரீஸ் போட்டிருந்தால், துப்பாக்கி மாட்டிய இடத்தில் பெயின்ட் உடைந்திருக்க வேண்டும். கிரீஸ் போட்ட பிறகு பெயின்ட் அடித்திருந்தால், அந்தப் பிசுக்கின்மேல் பெயின்ட் பிடித்திருக்காது. இரண்டும் இல்லை. ஆக, பராமரிப்பு என்று பட்டியல் போட்ட பணியில் பெயின்ட் டப்பா வந்திருக்கிறது, கிரீஸ் டப்பா வரவில்லை. ஷட்டர் ஓடும் இரும்புக் காடியிலும் துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒரு பூச்சு. கைப்பிடி இறுகிவிட்டது என்றும், முன்பு ஒற்றை ஆளாகச் சுற்றியதை இப்போது ஆள் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கிறது என்றும் லஸ்கர் ஆடி மாதமே அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். வாய்மொழியாகச் சொன்னதால் எங்கும் பதிவாகவில்லை. எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு நோட்டும் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். எப்போது முழுவதுமாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள், எங்கெங்கே கிரீஸ் போட்டார்கள், தகடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது, சங்கிலியும் கம்பிவடமும் என்ன நிலையில் இருக்கின்றன, பார்த்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை ஆயக்கட்டு விவசாயி, அதாவது இந்த மதகின் தண்ணீரில் பாசனம் செய்பவர், கேட்டால் காட்ட வேண்டும்.

ஒரு வாய்க்கால் மதகுக்கு இவ்வளவா என்று தங்களுக்குத் தோன்றலாம். பெரிய இடத்துக் கதைகளைப் பார்ப்போம். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் முதல் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் தென்பெண்ணையில் போனது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. கடைமடை தண்ணீருக்குக் காத்திருந்த நேரத்தில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். 2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையில் எதிர்எடையைத் தாங்கும் சங்கிலி அறுந்து, மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது போனது. அணை இருப்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு, வெள்ள எச்சரிக்கை வாங்கியது சாலக்குடி ஆற்றங்கரை மக்கள். 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-ஆவது ஷட்டரின் சங்கிலி அறுந்தது. அங்கே மொத்தம் 33 ஷட்டர்கள். அந்த ஒன்றின் சுமையைக் குறைக்க மற்றவற்றையும் திறந்துவிட்டு, கண்ணையா நாயுடு என்கிற மூத்த ஷட்டர் வல்லுநரை அழைத்து வந்து, ஓடும் தண்ணீரிலேயே இரும்புத் தடுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அதற்குள் மூன்று மாநில விவசாயிகளின் தண்ணீர் கணிசமாகக் கீழே போய்விட்டது.

நான்கு இடங்களிலும் தண்ணீர் புதியது, இரும்பு பழையது. ஒவ்வொரு முறையும் 'விசாரணை நடத்தப்படும்' என்று படித்தோம். எந்தக் கண்ணி, எப்படித் தேய்ந்தது, கடைசியாக அதை யார் தொட்டுப் பார்த்தார்கள் என்பதை எங்களைப் போன்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எளிய தமிழில் யாரும் எங்கள் கையில் தரவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம். கலிபோர்னியாவில் ஃபோல்சம் என்று ஓர் அணை. 1995 ஜூலை 17 அன்று திறந்துகொண்டிருந்த ஷட்டர் ஒன்று திடீரென மடங்கிப்போய், விநாடிக்குச் சுமார் 40,000 கனஅடி தண்ணீர் பாய்ந்தது. பல துறை வல்லுநர்கள் சேர்ந்து உடைந்த இரும்பை ஆராய்ந்தார்கள். ஷட்டரின் கைகள் சுழலும் அச்சாணி ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்து, போதிய மசகு இல்லாமல் உராய்வு கூடிக்கொண்டே போயிருந்தது. அந்த உராய்வு கைகளை எவ்வளவு வளைக்கும் என்பதை முதலில் வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. முடிவை வெளியிட்டார்கள். அதன் பிறகு அதே வகை ஷட்டர் உள்ள மற்ற அணைகளையும் சோதித்துப் பார்த்தார்கள். கிரீஸ் என்பது கடைநிலை ஊழியரின் வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு அறிக்கையையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் மதகில் பெயின்ட்டுக்கு அடியில் கிடந்ததும் இதே சங்கதிதான், அளவில் சிறியது.

ஆராய்ச்சிக்கு ஆள் இல்லாத நாடா இது? பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சென்னையில் ஐஐடி இருக்கிறது. ரூர்க்கி ஐஐடியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் அணைகளுக்கென்றே சிறப்பு மையங்கள் அமைத்திருக்கிறார்கள். மீயொலி அலையை அனுப்பித் தகட்டின் கனத்தை அளக்கும் கருவி கைக்கடக்கமாக வந்துவிட்டது. கம்பிவடத்தின் உள்ளே அறுந்த இழையைக் காந்தப்புலத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். வெல்டிங்கில் விட்ட மயிரிழை விரிசலைச் சாயம் தடவியே காட்டிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் இருப்பது எங்கள் வாய்க்காலுக்கு வரும் வழிதான் தெரியவில்லை.

இவ்வளவும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் எந்த விவசாயியையும் கேளுங்கள். மோட்டார் போட்டவுடன் அவர் கண் போவது ஸ்டார்ட்டர் பெட்டியின் ஆம்பியர் மீட்டருக்குத்தான். வழக்கத்தைவிட முள் ஏறி நின்றால் பேரிங் போகிறது என்று தெரிந்து, மோட்டார் எரிவதற்கு முன் அதைக் கிணற்றிலிருந்து வெளியே ஏற்றிவிடுவார். இதையே விரிவாக்கி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்து இயந்திரத்தின் பழுதைக் கணிப்பதை உலகெங்கும் தனி ஆய்வாகச் செய்கிறார்கள். மின்மோட்டாரில் இயங்கும் ஷட்டரை ஏற்றும் ஒவ்வொரு முறையும் எத்தனை ஆம்பியர் என்று எழுதி வைத்தால், உராய்வு கூடுவது மாதங்களுக்கு முன்பே எண்ணில் தெரிந்துவிடும். கையால் சுற்றும் ஷட்டருக்கு ஆம்பியர் இல்லை; கைப்பிடி இறுகுகிறது என்ற லஸ்கரின் பேச்சுதான் மீட்டர். அதை எழுதி வைக்கத்தான் நோட்டு கேட்கிறோம்.

சென்சார் வரப்போகிறது என்று எங்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். வரட்டும், மகிழ்ச்சி. பக்கத்து மதகில் முன்பே பொருத்திய நீர்மட்டக் கருவியின் சூரியத் தகட்டின்மேல் காகம் எச்சமிட்டு மூடியிருக்கிறது. துடைக்க யாருக்கும் உத்தரவு இல்லை. கண்காணிக்கும் கருவியைக் கண்காணிக்க இன்னொரு கருவி வாங்க டெண்டர் விடுவார்களோ என்னவோ.

2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம் என்கிறது, பதிவேடு பராமரிக்கச் சொல்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். எங்கள் தலைமதகு அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. அதைவிட உயரம் குறைந்ததில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தால் பயிர் மூழ்காது என்று யாரும் கருதியிருக்க மாட்டார்கள். சட்டம் கேட்காததைத் துறை தானாகச் செய்யக் கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை.

உண்மையான சிக்கல் வேறு என்றும் எனக்குப் படுகிறது. புது மதகு கட்டினால் கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, மலர் தூவித் தண்ணீர் திறக்கும் படம் உண்டு. பழைய மதகுக்குக் கிரீஸ் போட்டவரின் படம் எந்தப் பத்திரிகையிலாவது வந்திருக்கிறதா? லஸ்கர் ஓய்வுபெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. இருப்பவர் இரண்டு மூன்று மதகுகளின் சாவிக் கொத்தைச் சுமந்துகொண்டு மழை இரவில் சைக்கிளில் அலைகிறார். அன்றைய இரவும் அப்படித்தான் வந்தார், பாவம். மார்பளவு தண்ணீரைக் கடந்து வந்து கைப்பிடியைச் சுற்றியவருக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பெயின்ட் அடித்ததற்குப் பில் எழுதியவருக்கு என்ன கடிதம் போயிற்று என்று தெரிந்துகொள்ள ஆவல்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். தங்கள் துறையில் இரவு பகல் பாராமல் வெள்ளத்தில் நிற்கும் பொறியாளர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்கள்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. அவர்களுக்கும் இந்தப் பதிவேடு உதவும். 'போன முறையே எழுதியிருந்தேன்' என்று காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

எனவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் தென்மேற்குப் பருவத்துக்கு முன்பாக எங்கள் வாய்க்காலின் எல்லா ஷட்டர்களையும் விவசாயிகள் முன்னிலையில் முழுவதும் ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். ஐப்பசியில் ஷட்டர் நின்றதற்கான காரணத்தை ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஷட்டருக்கும் பதிவேடு தொடங்கி, பக்கத்தின் நகலை எங்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். லஸ்கருக்கு அனுப்பிய விளக்கக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். கிரீஸ் வாங்க நிதி இல்லை என்றால் தெரிவியுங்கள், சங்கத்தில் வசூலித்துத் தருகிறோம். ரசீது மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆயக்கட்டு விவசாயி